எஞ்சினை அணைத்தால் தெரியும் அம்போசெலி

காலை ஆறரை மணிக்கு மலை தெரியும். ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் மேகம் வந்து மூடிவிடும். பிறகு மாலை வெயில் சாயும்போதுதான் மறுபடி முகம் காட்டும். சில நாட்களில் அதுவும் கிடையாது. கென்யாவின் தென்கோடியில் உள்ள அம்போசெலி தேசியப் பூங்காவில் விடியும் முன்பே வண்டிகள் கிளம்புவதற்கு யானை, சிங்கத்தோடு இந்த மலையும் ஒரு காரணம்.

கிளிமஞ்சாரோ என்ற அந்த மலையின் உயரம் 5,895 மீட்டர். ஆப்பிரிக்கக் கண்டத்தில் இதைவிட உயர்ந்த இடம் இல்லை. சிகரம் தான்சானியாவுக்குள் இருக்கிறது. ஆனால் அடி முதல் முடி வரை ஒரே பார்வையில் பார்க்க எல்லைக்கு இந்தப் பக்கம், கென்யாவில் நிற்பதுதான் வசதி. அம்போசெலி சமவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளி, குறுக்கே எந்தத் தொடரும் மறைக்காமல், 4,700 மீட்டருக்கும் மேல் தனியாக எழுந்து நிற்கும் எரிமலை அது. இடப்பக்கம் கரடுமுரடாக மவென்சி சிகரம், வலப்பக்கம் பனி படிந்த கிபோ சிகரம். கீழே புல்வெளி, புல்வெளியில் யானைகள்.

இந்தக் காட்சியைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். நைரோபியில் விற்கப்படும் சஃபாரித் திட்டங்கள் பலவும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. மசாய் மாராவில் இரண்டு இரவு, நகுரு ஏரிக்கரையில் ஓர் இரவு, அம்போசெலியில் ஓர் இரவு; நடுவே ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று சாலைப் பயணம். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய ‘பெரிய ஐந்து’ விலங்குகளையும் பார்த்தாகிவிட்டதா என்பதே கேள்வி. அந்தப் பட்டியல் வேட்டைக்காரர்கள் போட்டது. நடந்து போய்ச் சுடுவதற்கு எந்தெந்த விலங்கு மிக ஆபத்தானது என்று அவர்கள் வகுத்த கணக்கு. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. பட்டியலைச் சுற்றுலாத் துறை எடுத்துக்கொண்டது.

அம்போசெலியில் இன்று காண்டாமிருகம் இல்லை. சிறுத்தை கண்ணில் படுவது அரிது. பட்டியலோடு வருகிறவருக்கு இது குறையுள்ள பூங்கா. வண்டியை ஓர் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் உட்காரத் தயாராக இருப்பவருக்கு ஆப்பிரிக்காவிலேயே இதற்கு இணையான இடங்கள் சிலவே. யானையைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்த 392 சதுர கிலோமீட்டரிலும் அதைச் சுற்றியுள்ள புதர்க்காடுகளிலும் அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களால் கிடைத்தது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் இங்கே எதுவும் இல்லை. இந்தச் சமவெளியில் ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்கிறது; சென்னைக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு. பூங்காவின் மேற்கே கிடக்கும் அம்போசெலி ஏரியில் பெரும்பாலான மாதங்கள் தண்ணீரே இருக்காது. வெளிறிய உப்புமண் படுகை வெடித்துக் கிடக்கும். ஆனால் அதன் கிழக்கே, அதே வறண்ட மண்ணின் நடுவில், கோரையும் பாப்பிரஸும் செழித்து வளர்ந்த பச்சைச் சதுப்புகள் ஆண்டு முழுவதும் வற்றாமல் இருக்கின்றன. எங்கோங்கோ நாரோக், லோங்கின்யே என்று மசாய் மக்கள் பெயரிட்ட சதுப்புகள்.

அந்தத் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. சிகரத்துப் பனி உருகித்தான் வருகிறது என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் மலையின் இடுப்பைச் சுற்றி வளர்ந்திருக்கும் அடர்காட்டில் பெய்யும் மழைதான் முக்கிய ஊற்றுக்கண். துளைகள் நிறைந்த எரிமலைப் பாறைக்குள் அந்த மழை இறங்குகிறது. நிலத்துக்கடியில் மெல்ல நகர்ந்து வந்து, சமவெளி தொடங்கும் இடத்தில் தெளிந்த ஊற்றாக வெளியே வருகிறது. சிகரத்தின் பனிப்படலம் 1912க்கும் 2007க்கும் இடையில் 85 சதவீதம் சுருங்கிவிட்டதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். பனி கரைவது வருத்தம் தரும் செய்திதான். அம்போசெலியின் உயிர்நாடி என்று பார்த்தால், மலைச்சரிவின் காடு அழிவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இந்த நீர்தான் விலங்குகளின் ஒரு நாள் பொழுதை வகுக்கிறது. இரவில் யானைகள் பலவும் பூங்காவுக்கு வெளியே, வேல மரப் புதர்களில் இருக்கும். விடிந்ததும் குடும்பம் குடும்பமாக வரிசை கட்டிச் சதுப்பை நோக்கி நடக்கத் தொடங்கும். முன்னால் வயதில் மூத்த பெண் யானை. நடுவில் கன்றுகள். காய்ந்த மண்ணில் கால் படும் இடமெல்லாம் புழுதி எழுந்து, காலை வெளிச்சத்தில் வரிசை முழுவதும் பொன்னிறமாகத் தெரியும். சாலையை அவை கடக்கும் இடங்கள் ஓட்டுநர்களுக்குத் தெரியும். நல்ல ஓட்டுநர் அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய், வழி விட்டுத் தள்ளி நிறுத்திக் காத்திருப்பார். யானை வண்டியைத் தேடி வராது. ஆனால் வண்டி அசையாமல் நின்றால் அதைப் பொருட்படுத்தாமல் பத்தடி தூரத்தில் கடந்து போகும். அவ்வளவு அருகிலும் காலடியோசை ஏறத்தாழக் கேட்காது. பாதத்தில் உள்ள தடித்த கொழுப்புத் திண்டு ஓசையை உள்வாங்கிக்கொள்ளும். தோல் தோலோடு உரசும் சரசரப்பும், மூச்சும், புல்லைப் பிடுங்கும் ஒலியும்தான் காதில் விழும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் கேட்காது.

பத்து மணி வாக்கில் யானைகள் சதுப்புக்குள் இறங்கிவிடுகின்றன. வயிறு வரை, சில இடங்களில் முதுகு வரை தண்ணீர். தும்பிக்கையால் கோரைத் தாளைச் சுருட்டிப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, வாய்க்குள் தள்ளும். ஒரு வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தாவரம் தின்றாக வேண்டும் என்பதால் இந்த வேலை மணிக்கணக்கில் நடக்கும். முதுகில் உண்ணிக்கொக்குகள் நிற்கும். யானை கலக்கிவிடும் தண்ணீரிலிருந்து எழும் பூச்சிகளும் தவளைகளும் அவற்றுக்குச் சாப்பாடு. கரையேறும்போது உடலின் கீழ்ப்பாதி கருஞ்சேறாகவும் மேல்பாதி வெண்புழுதியாகவும், கோடு கிழித்ததுபோல் இரண்டு நிறத்தில் இருக்கும்.

ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. காது நம் நாட்டு யானையின் காதைவிட மிகப் பெரியது. அதில் ஓடும் இரத்த நாளங்கள் வழியாக உடல் சூடு வெளியேறும். அந்தக் காதுதான் ஆராய்ச்சிக்கும் உதவியது. காதோரக் கிழிசல்கள், ஓட்டைகள், நரம்போட்டம் ஆகியவை ஒரு யானையைப்போல் இன்னொன்றுக்கு இருக்காது. ‘நியூஸ்வீக்’ பத்திரிகையில் பணியாற்றிவிட்டு ஆப்பிரிக்கா வந்த அமெரிக்கப் பெண் சிந்தியா மோஸ், 1972இல் ஹார்வி குரோஸுடன் சேர்ந்து அம்போசெலி யானைகளைக் காது அடையாளம் வைத்துத் தனித்தனியே பதிவு செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எழுத்து. அந்தக் குடும்பத்துக் கன்றுகளுக்கு அந்த எழுத்தில் தொடங்கும் பெயர். வண்டியில் அமர்ந்து பார்த்தார், எழுதினார், அடுத்த நாளும் வந்தார். அந்தப் பதிவேடு அரை நூற்றாண்டைத் தாண்டி இன்றும் தொடர்கிறது. பாட்டி, மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று காட்டு யானைகளின் வம்சாவளி இவ்வளவு நீளத்துக்கு எழுதப்பட்ட இடம் உலகில் வேறு இல்லை.

தமிழர்களுக்கு வியப்பூட்டும் ஒரு செய்தி இந்தப் பதிவேட்டில் இருக்கிறது. கன்னத்தில் மதநீர் வழியும் களிறு நமக்குச் சங்கப் பாடல்கள் காலத்திலிருந்தே பழக்கம். ஆனால் ஆப்பிரிக்க யானைக்கு மதம் பிடிப்பதில்லை என்றுதான் விஞ்ஞான உலகம் 1970கள் வரை நம்பிவந்தது. ஆப்பிரிக்காவில் ஆண், பெண் இரண்டுக்கும் பரபரப்பின்போது கன்னச் சுரப்பி நனைவதால் இந்தக் குழப்பம். 1970களின் நடுவில் அம்போசெலியில் ஆய்வு செய்ய வந்தபோது ஜாய்ஸ் பூல் என்ற பெண்ணுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. சில பெரிய ஆண் யானைகள் தலையை உயர்த்தி விறைப்பாக நடப்பதையும், இடைவிடாமல் சிறுநீர் சொட்டுவதையும் கண்டு, முதலில் ஏதோ நோய் என்றுதான் எண்ணினார். அதே யானைகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகு தெளிவு பிறந்தது. ஒவ்வொரு ஆண் யானைக்கும் ஆண்டில் அதற்கென்று ஒரு பருவத்தில் இது வருகிறது, பிறகு அடங்குகிறது. அவரும் மோஸும் 1981இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். ஒரு வாரம் வந்து போகிறவர் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

அம்போசெலி யானைகளில் உலகப் புகழ் பெற்றது எக்கோ என்ற பெண் யானை. அதன் குடும்பத் தலைமை பல பத்தாண்டு காலம் அதனிடமே இருந்தது. 1990இல் அது ஈன்ற ஆண் கன்றுக்கு முன்னங்கால்கள் இரண்டும் மடங்கியிருந்தன. மணிக்கட்டை ஊன்றித்தான் நகர முடிந்தது. நின்று பால் குடிக்க எட்டவில்லை. குடும்பத்தின் மற்ற யானைகள் மேய நகர்ந்தபோதும் எக்கோ அசையவில்லை. அதன் மகள் ஈனிட்டும் கூடவே நின்றது. கன்று சில அடி தவழும், இரண்டும் சில அடி நகரும். கன்று விழும், இரண்டும் நிற்கும். மூன்றாம் நாள் கன்றின் கால்கள் நிமிர்ந்தன. ஈலை என்று பெயரிடப்பட்ட அந்தக் கன்று வளர்ந்து பெரிய களிறாகியது. மனிதர் யாரும் தலையிடவில்லை. மார்ட்டின் கோல்பெக்கின் கேமரா அருகிலேயே இருந்ததால் உலகம் அதைப் பார்த்தது. எக்கோ 2009இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், கடும் வறட்சிக் காலத்தில் இறந்தது.

வயதான தலைவிக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கேரன் மெக்கோம்ப் என்ற பிரிட்டன் ஆய்வாளர் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரல்களை ஒலிக்கச் செய்து யானைகளின் நடத்தையைக் கவனித்தார். பழகிய யானையின் குரலா, அந்நிய யானையின் குரலா என்று பிரித்தறிவதில் மூத்த தலைவி உள்ள குடும்பங்கள் கெட்டிக்காரத்தனம் காட்டின. 2014இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. மசாய் ஆண்களும் கம்பா இன ஆண்களும் அவரவர் மொழியில் “அதோ பாருங்கள், யானைக் கூட்டம் வருகிறது” என்ற பொருளில் பேசிய குரல்கள் ஒலிக்கவிடப்பட்டன. கால்நடை மேய்க்கும் மசாய் ஆண்களோடு யானைகளுக்கு அவ்வப்போது மோதல் உண்டு. சில சமயம் ஈட்டி பாயும். உழவு செய்யும் கம்பா மக்களோடு இங்கே அவ்வளவு பகை இல்லை. மசாய் ஆண் குரலுக்குக் கூட்டம் சட்டென ஒன்றாக நெருங்கிப் பின்வாங்கியது. கம்பா குரலுக்கும், மசாய்ப் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் அவ்வளவு அச்சமில்லை.

2024இல் வந்த மற்றோர் ஆய்வு, அம்போசெலியிலும் வட கென்யாவின் சம்புருவிலும் பதிவான 469 குரல்களைக் கணினியில் ஆராய்ந்தது. யானைகள் ஒன்றை ஒன்று தனித்தனிக் குரலால், பெயர் சொல்வதுபோல், அழைக்கின்றன என்பதற்கு அதில் சான்று கிடைத்தது. 17 யானைகளுக்குக் குரலை ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது, தம்மை அழைத்த குரலுக்கு அவை விரைந்து பதில் தந்தன. இந்த உறுமல்களில் பல, மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த சுருதி கொண்டவை. ஆகவே சதுப்போரம் அமைதியாக மேயும் கூட்டம் உண்மையில் பேசிக்கொண்டே இருக்கிறது.

யானைக்கு முன்பே இங்கே ஆராய்ச்சிக்கு உள்ளானது மஞ்சள் பபூன் குரங்கு. ஜீன் ஆல்ட்மனும் ஸ்டூவர்ட் ஆல்ட்மனும் 1963இல் வந்தார்கள். 1971 முதல் அந்தக் குரங்குக் கூட்டங்கள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. ஜீன் கணிதம் படித்தவர். அதுவரை விலங்கை ஆராய்ந்தவர்கள் கண்ணைக் கவர்ந்ததை எழுதினார்கள்: சண்டை, துரத்தல், பெரிய ஆணின் ஆர்ப்பாட்டம். சத்தமில்லாத பெண் குரங்கு பதிவில் ஏறவே இல்லை. ஜீன் 1974இல் எழுதிய கட்டுரை ஒரு முறையை நிலைநாட்டியது. ஒரு விலங்கைத் தேர்ந்தெடு. குறித்த நேரம் முழுவதும் அதை மட்டும் பார். அருகில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் பார்வையைத் திருப்பாதே. அது சும்மா உட்கார்ந்திருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பதையும் எழுது. இன்று உலகம் முழுவதும் விலங்கியல் மாணவர்கள் இந்த முறையைத்தான் கற்கிறார்கள். சத்தமில்லாத பெண் குரங்குகளைப் பார்த்த பலன் 2003இல் வெளியானது. மற்றக் குரங்குகளோடு நெருங்கிப் பழகும் தாயின் குட்டிகள் பிழைத்து வளரும் வாய்ப்பு அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இந்த முறைக்குக் கருவி எதுவும் வேண்டாம் என்பதால் சுற்றுலா வருகிறவரும் கைக்கொள்ளலாம். ஒரு வரிக்குதிரையை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் அதை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு வரிக்குதிரைகள் எதிரெதிர்த் திசையில் முகம் வைத்து, ஒன்றன் முதுகில் மற்றொன்று தலை சாய்த்து நிற்கும். நான்கு கண்களுக்கும் இரண்டு திசைகளும் அகப்படும். வாலால் அடுத்ததன் முகத்து ஈயையும் ஓட்டலாம். கடிக்கும் ஈக்கள் வரி போட்ட பரப்பில் சரியாக இறங்க முடியாமல் தடுமாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வரிக்குதிரை மேய்ந்த இடத்துக்கு வில்டபீஸ்ட் என்ற மறிமான் பின்னால் வரும். நீண்டு முற்றிய தாளை முதலாவது தின்றுவிட, அடியில் உள்ள குட்டைப்புல் இரண்டாவதற்கு வசதியாகிறது. அதற்கும் கீழே துளிர்ப்பதைத் தாம்சன் கெசல் என்ற சிறு மான் கொறிக்கிறது. வேகமாகப் போகும் வண்டியிலிருந்து பார்த்தால் இவை மூன்றும் கலந்து நிற்கும் ஒரே மந்தை.

நடுப்பகலில் பெரும்பாலோர் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். வெயில் கடுமைதான். ஆனாலும் ஒரு நாளாவது மதிய உணவைக் கட்டிக்கொண்டு வெளியிலேயே இருந்துவிடுவது நல்லது. வறண்ட ஏரிப்படுகையில் கானல்நீர் விரிந்து, அதற்குள் வில்டபீஸ்ட்கள் கால் இல்லாமல் மிதப்பதுபோல் தெரியும். புழுதிச் சுழல்கள் ஒரே நேரத்தில் நான்கைந்து இடத்தில் எழுந்து தூண்போல் உயர்ந்து நகரும். வண்டியை விட்டு இறங்க அனுமதி உள்ள நோமோட்டியோ குன்றின் மேல் நின்றால் சதுப்பு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும்: நீர்யானைகள், கூழைக்கடாக்கள், இலைமேல் நடக்கும் இலைக்கோழிகள், தலையில் பொன்னிற முடி தரித்த கொக்குகள். பூங்காவில் 400க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் கானமயிலின் உறவான கோரி பஸ்டர்டு சமவெளியில் நிதானமாக நடந்து போவதைப் பார்க்கலாம். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் அது ஒன்று. கழுதைப்புலிகள் இங்கே ஏராளம். பிணம் தின்னி என்ற கெட்ட பெயர் அவற்றுக்கு இருந்தாலும், தம் உணவின் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடுகின்றன. கூட்டத்துக்குத் தலைமை பெண்தான்.

சிங்கத்தின் கதை மசாய் மக்களின் கதையோடு பிணைந்தது. இளைஞன் ஒருவன் ஈட்டியால் சிங்கத்தைக் கொன்றால் அவனுக்குப் பெயரும் புகழும் சேர்ந்த சமூகம் அது. மாட்டைக் கொன்ற சிங்கத்தைப் பழிவாங்குவதும் வழக்கம். 1974இல் அரசு பூங்காவை அறிவித்தபோது, கோடையில் தம் மாடுகள் நீர் குடித்து வந்த சதுப்புகளை மசாய்கள் இழந்தார்கள். மாற்றாகக் குழாய்த் தண்ணீர் தருவதாகச் சொன்ன வாக்குறுதி சரியாக நிறைவேறவில்லை. கோபம் காட்டு விலங்குகள் மேல் திரும்பியது. ஈட்டிக்குப் பல சிங்கங்களும் காண்டாமிருகங்களும் பலியாயின. காட்டு விலங்குகளைக் காப்பதாகச் சொல்லி அங்கேயே வாழ்ந்தவர்களை வெளியே நிறுத்தியதன் விலை அது.

2007இல் லீலா ஹஸ்ஸா, ஸ்டெபனி டோல்ரென்றி ஆகியோர் தொடங்கிய ‘லயன் கார்டியன்ஸ்’ அமைப்பு வேறு வழியில் போனது. சிங்கம் கொன்று பெயரெடுத்த அதே இளைஞர்களை அது வேலைக்கு அமர்த்தியது. கால்தடம் பார்த்துச் சிங்கத்தைத் தேடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. இப்போது அவர்கள் சிங்கங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். சிங்கம் எங்கே இருக்கிறது என்று மேய்ப்பவர்களை எச்சரிக்கிறார்கள். வழி தவறிய மாடுகளையும் கண்டுபிடித்துத் தருகிறார்கள். 2012இல் ‘பிக் லைஃப்’ அமைப்பின் துணையோடு மசாய் ஒலிம்பிக்ஸ் தொடங்கியது. ஈட்டி எறிதல், தடி எறிதல், நின்ற இடத்திலேயே எம்பிக் குதித்தல், ஓட்டம். வீரத்தைக் காட்ட இனி சிங்கத்தின் உயிர் தேவையில்லை என்பதே அதன் நோக்கம். 800 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்த டேவிட் ருடீஷாவும் மசாய்தான். அவர் இதற்கு ஆதரவாக நின்றார்.

இன்று அம்போசெலியின் பெரிய கவலை நிலம். விலங்குகள் நடமாடும் பரப்பு சுமார் 8,000 சதுர கிலோமீட்டர். பூங்கா அதில் 5 சதவீதம்தான். மற்றதில் பெரும்பகுதி மசாய் மக்களின் நிலம். முன்பு பலரும் கூட்டாக வைத்திருந்த மேய்ச்சல் நிலங்கள் துண்டு துண்டாகத் தனியாருக்குப் பிரிக்கப்படுகின்றன. பிரித்த நிலத்தில் சிலர் வேலி போடுகிறார்கள், சிலர் நீர் பாய்ச்சிப் பயிர் செய்கிறார்கள், சிலர் விற்றுவிடுகிறார்கள். 2020இல் கிமானா அருகே யானை வழித்தடத்தையொட்டி ஒரு வெண்ணெய்ப்பழத் தோட்டத்துக்கு வேலி எழுந்தபோது நாடே விவாதித்தது. பூங்காவிலிருந்து கிளிமஞ்சாரோ காட்டுக்குப் போகும் கிடெண்டன் வழித்தடத்தில், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உரிமையாளர்களுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் ஏற்பாடு 2013 முதல் நடக்கிறது. 1996இல் தொடங்கிய கிமானா சரணாலயம் கென்யாவில் ஊர் மக்களுக்கே சொந்தமான முதல் சரணாலயம். யானை நடக்கும் வழி திறந்திருக்க, அந்த நிலத்துக்காரரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

திறந்த வழியின் பலனைக் காட்ட டிம் என்ற களிறின் பெயரைச் சொல்லலாம். தந்தங்கள் தரையைத் தொடும் அளவுக்கு நீண்ட யானை. ஒவ்வொரு தந்தமும் 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள இத்தகைய களிறுகள் ஆப்பிரிக்கா முழுவதிலும் சில பத்துதான் மிஞ்சியிருக்கின்றன. தந்தத்துக்காகக் கொல்லப்படாமல், ஐம்பது வயது வரை வாழ்ந்து, 2020 பிப்ரவரியில் டிம் இயற்கையாக இறந்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடலை நைரோபி தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் 2023 முதல் பெரிய தந்தமுள்ள ஆண் யானைகள் சிலவற்றைச் சுட்டார்கள். அவற்றில் அம்போசெலியில் பெயரிட்டு அறியப்பட்டவையும் உண்டு. யானைக்கு எல்லைக்கோடு தெரியாது. இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது, இன்னும் தீரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நைரோபியிலிருந்து எமாலி வழியாகவோ நமங்கா வழியாகவோ நான்கு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பயணம். மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பர், டிசம்பரில் சிறுமழை. ஜூன் முதல் அக்டோபர் வரையும் ஜனவரி, பிப்ரவரியிலும் விலங்குகள் சதுப்பைச் சுற்றித் திரள்கின்றன. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த் தடுப்பு நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். கென்யாவின் பூங்காக்களில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜூன் முதல் தடை. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டுபோவது நல்லது. புழுதிக்கு ஒரு துண்டு, விடியற்காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பைனாகுலர்.

நான்கு பூங்காவுக்குப் பதிலாக ஒன்றோ இரண்டோ போதும் என்று முகவரிடம் சொல்லுங்கள். அம்போசெலிக்குக் குறைந்தது மூன்று இரவுகள் ஒதுக்குங்கள். முதல் நாளே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள்: மற்ற வண்டிகள் வயர்லெஸ்ஸில் சிங்கம் என்று கூவினாலும் ஓட வேண்டாம், யானைக் குடும்பம் ஒன்றின் அருகே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடலாம் என்று. அவருக்கும் அது பிடிக்கும். சஃபாரி ஓட்டுநர்கள் பலர் விலங்குகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவர்கள். கேட்க ஆள் இருந்தால் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது. தங்குவதற்கு, பூங்காவுக்கு வெளியே மசாய் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் முகாமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: முகாம் இருக்கும் நிலம் யாருடையது, அந்தக் குத்தகைப் பணம் யார் கைக்குப் போகிறது?